எருமையை விட்டுவிட்டுக் கடல் பார்க்கப் போனோம்

கறவை இருக்கிற தோட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக ஊருக்குப் போவதென்பது நடக்காத காரியம். ஒருத்தர் போனால் ஒருத்தர் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் போகிறவர் எப்போதும் அவர், இருக்கிறவள் எப்போதும் நான். காரணம் எங்கள் எருமை. அது என் கைக்குத்தான் பால் விடும்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில், தோட்டத்துக்கு நடுவிலேயே எங்கள் சாளை வீடு. அதில் நான், என் வீட்டுக்காரர், மகள் கோகிலா, மாமனார் என்று நாலு பேர். மாமியார் தவறிப்போய்ப் பல வருஷங்கள் ஆயிற்று. வீட்டுக்குப் பின்னால் கட்டுத்தறி. அங்கே ஒரு ஜோடி காளை, அந்த எருமை, அதன் கன்று. எருமைக்கு நான் வைத்த பெயர் சீமாட்டி. வேறு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் பாலை மேலே இழுத்துக்கொண்டு, மடியை வற்றல் கத்தரிக்காய் மாதிரி வைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் உட்கார்ந்திருந்தால் உதைதான்.

காலையில் கறந்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலக் கறவைக்குள் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் போய்வரக்கூடிய தூரம்தான் என் உலகம். தெற்கே பழனி, வடக்கே பவானி, மேற்கே கோயமுத்தூர். அதற்கு அந்தப் பக்கமும் பூமி இருக்கிறது என்பது கோகிலா சொல்லித்தான் தெரியும். கோடை லீவு விட்டதும் அப்பாவும் மகளும் மைசூர் போவார்கள், ஊட்டி போவார்கள், வந்து கதை கதையாகச் சொல்வார்கள். நான் சாணி அள்ளிக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

மைசூரும் ஊட்டியும் போனால் போகட்டும். கடலை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தால் பாதாளத்தில் ஒரு தட்டத்தளவு தண்ணீர் மினுங்கும். சித்திரை பிறந்தால் அதுவும் மினுங்காது. அப்படிப்பட்ட காட்டில் வாழ்க்கைப்பட்டவளிடம் போய், கண்ணுக்கெட்டின வரைக்கும் தண்ணீர் என்றால் ஆசை வராமல் என்ன செய்யும்? கடலைப் பார்த்தால் மூன்று பேரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்றும் ஒரு வீம்பு.

தொண்ணூறுகளின் நடுவில், கோகிலா ஆறாவது முடித்த லீவில் அதற்கு வழி பிறந்தது. என் நாத்தனார் சரசு கொச்சியில் குடியிருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே மோட்டார் பம்ப் கடையில் வேலை. பொங்கலுக்கு வந்தவள், "நங்கையா, இந்த லீவுக்கு நீங்க வருலீன்னா நானும் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தி அக்கா, தானே கறந்து தருவதாக முன்வந்தாள். அதற்கு ஒரு வழி உண்டு. கறக்கும்போது நான் கட்டுகிற பழைய சேலை ஒன்று கட்டுத்தறி ஆணியிலேயே தொங்கும். அதைத் துவைப்பதே கிடையாது. என் வேர்வை, சாணி, பால் எல்லா வாசமும் அதில் ஏறியிருக்கும். அக்கா அந்தச் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் சீமாட்டி அவளை நான் என்றே நினைத்துக்கொள்ளும். ஒரு வாரம் நானும் கூட நின்று பழக்கினேன். முதல் இரண்டு நாள் முறைத்தது. மூன்றாம் நாள் சொம்பு நிறையக் கொடுத்தது. எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை சுலபமாக ஏமாந்துவிட்டதே என்று கொஞ்சம் வருத்தமும்தான்.

"போயிட்டு வா அம்மிணி. தீனி போடறதுக்கும் தண்ணி காட்டறதுக்கும் நானிருக்கறேன். கறக்கறதுக்குப் பாப்பாத்தி இருக்கறா. அப்பறமென்ன?" என்றார் மாமனார். பால் விஷயத்தில் அவர் படு கறார். காபிக்கு ஊற்றுகிற பாலைக் கண்ணாலேயே அளப்பார். கன்று இரண்டு வாய் சப்பினதும் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கட்டிவிடுவார். அவர் வாயாலேயே போய் வா என்று வந்துவிட்டதென்றால் அதற்கு மேல் என்ன உத்தரவு வேண்டும்!

முதல் நாள் விடியற்காலையில் சீமாட்டியைக் கறந்து, அதன் நெற்றியைச் சொறிந்துவிட்டு, பஸ் ஏறினோம். கோயமுத்தூரில் ரயில். வண்டி மேற்கே போகப் போக ஜன்னலில் காற்று மாறியது. வறண்ட வெள்ளைக் காடாகப் போய்க்கொண்டிருந்த பூமி, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினதும் பச்சையாகிவிட்டது. மே மாதம்! எங்கள் காட்டில் வெள்ளாடு மேயக்கூட ஒரு கொழுந்து கிடையாது. இங்கே யாரும் தண்ணீர் பாய்ச்சாமலே வேலிக்கால் தழைத்துக் கிடக்கிறது. "இதென்னுங்க அநியாயம்?" என்றேன் என் வீட்டுக்காரரிடம். அவரோ ஒவ்வொரு குளத்தையும் பெருமூச்சோடு எண்ணிக்கொண்டு வந்தார்.

ஷொரணூரில் ஒரு கூத்து. வண்டி ரொம்ப நேரம் நின்றது. பிறகு கிளம்பியது, ஆனால் பின்பக்கமாக! என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "ஏ, வண்டி திரும்பி ஊருக்குப் போகுது! எறங்கு, எறங்கு!" என்று மேலே இருந்த பையை எல்லாம் இழுக்க ஆரம்பித்துவிட்டார். எதிர் சீட்டில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மலையாளத்துப் பெரியவர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இங்கே இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவார்கள், அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று அவர் மலையாளத்தில் விளக்கினார். கடைசியில், "பயப்படாதீர்கள், நானும் எர்ணாகுளத்துக்குத்தான். வழி தவறினால் இரண்டு பேரும் சேர்ந்தே தவறலாம்" என்றார். கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போன வருஷங்களில் எல்லாம் இந்தச் சிரிப்பைக் கதையாகத்தான் கேட்டேன். கூட உட்கார்ந்து சிரிப்பது வேறு மாதிரி இருந்தது.

எர்ணாகுளத்தில் இறங்கி ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். தம்ளரில் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. என் வீட்டுக்காரர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "ஏனுங்க, உங்க போர் பைப்பு துருப்புடிச்சுப் போச்சாட்ட இருக்குதுங்க, பாத்து மாத்துங்க" என்று அக்கறையாகச் சொன்னார். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அது ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சின தண்ணீர், உடம்புக்கு நல்லது என்றார். சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் விரல் நுனி பருமன். "இது சோறா, மொச்சைக்கொட்டையா?" என்று நான் கேட்டேன். ஆனால் அந்த மீன் குழம்புக்கு அது சரியாகத்தான் இருந்தது. எங்கள் அரிசியும்பருப்புச் சோற்றுக்கு இது ஆகாது, அவ்வளவுதான்.

சாயங்காலம் சரசு வீட்டில் பையைப் பிரித்தோம். என் வீட்டுக்காரர் பெருமையாக ஒரு டின்னை எடுத்து நடுவில் வைத்தார். தேங்காய் எண்ணெய்! காங்கேயத்து மில்லில் ஆட்டினது.

"ஏண்ணா, கேரளாவுக்கு யாராச்சும் தேங்காய் எண்ணெ கொண்டாருவாங்களா?" என்று சரசு தலையில் அடித்துக்கொண்டாள்.

"நம்முளுது மாதிரி வாசம் இங்கத்த எண்ணெயில வருமா?" என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல். சரசு வீட்டுக்காரரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டு, "நம்ம பக்கத்து எண்ணெ லாரி லாரியா இங்க வருதுங்க" என்றார். எண்ணெய் சிந்தாமல் இருக்க டின்னைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தது. அந்தத் துணியை இழுத்துப் பிரித்துப் பார்த்தேன்.

என் கறவைச் சேலை.

"இதெங்கீங்க இருந்துச்சு?"

"கட்டுத்தறி ஆணியில. சும்மாதானே தொங்குச்சு? கிழிஞ்ச துணி..."

எனக்கு வந்த கோபத்தில் அந்த டின்னையே அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஒரு வாரம் நான் எருமைக்குப் பாடம் நடத்தினபோது இந்த மனுஷன் எங்கே இருந்தார்? கட்டுத்தறிப் பக்கமே வராமல் மாட்டுத் தீனிக்குச் சோளத்தட்டு வாங்க அலைந்துகொண்டிருந்தார். அவருக்கு அது வெறும் கந்தல்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினோம். எங்கள் ஊரில் அப்போது போன் இருந்தது முக்கு மளிகைக் கடையில் மட்டும். எத்தனை தடவை சுற்றினாலும், எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. கடை சாத்துகிற நேரம் வரை நின்றுவிட்டுத் திரும்பினோம்.

இரண்டாம் நாள் காலையில் லைன் கிடைத்தது. கடைக்காரர் செய்தியை ரசித்துச் சொன்னார். "ஆமாங்க, பாப்பாத்தி வந்து சொல்லீட்டுப் போச்சுங்க. சேலையக் காணமாம். வேற சேலையக் கட்டீட்டு உக்காந்திருக்குது. எருமை ஒரே ஒதை. போசி ஒரு பக்கம், பாப்பாத்தி ஒரு பக்கம். இன்னைக்குக் காலையிலயும் அப்பிடித்தானுங்க." போசி என்றால் பால் கறக்கிற பாத்திரம்.

"அக்காளுக்கு அடி பட்டுச்சுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. வாய்தான் நிக்குல."

இரண்டு வேளைப் பால் மடியில் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு வேளை போனால் மடி கல்லாகிவிடும். வீங்கி, சீழ் பிடித்து, ஒரு காம்பு போனாலும் போனதுதான். இல்லாவிட்டால் பால் அப்படியே வற்றிப்போகும். அப்புறம் அடுத்த ஈற்று வரைக்கும் பால் சொசைட்டிக்கு ஊற்ற ஒரு சொட்டு கிடையாது. பூத்திலிருந்து சரசு வீட்டுக்கு நடக்கிற வழியிலேயே நான் தீர்மானித்துவிட்டேன். இன்றைக்கே ரயில் ஏற வேண்டியதுதான்.

"நீங்க ரெண்டு பேரும் கடலைப் பாத்துப்போட்டு வாங்க. நான் போறேன்" என்றேன்.

கோகிலா அழுதாள். "அம்மா போனா எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் இப்பிடியேதான்!" என் வீட்டுக்காரர் காலைப் பலகாரத்தைத் தொடவே இல்லை. சரசு செய்த புட்டும் கடலையும் ஆறிக்கொண்டிருந்தன. "தப்பு என்னோடது. நான் போறேன், நீங்க இருங்க" என்றார். "நீங்க போயி என்ன பண்ணுவீங்க? உங்களுக்குப் பால் விடுமா?" என்று கேட்டேன். சரசு ஓரமாக நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் பையை மடியில் வைத்து, அவிழ்த்த துணிகளைத் திரும்ப மடித்தேன். கொச்சி வரைக்கும் வந்து கடலைப் பார்க்காமல் திரும்புகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தின நாள் ராத்திரி எல்லாம் காற்றில் உப்பு வாசம் அடித்துக்கொண்டிருந்தது வேறு.

கிளம்புவதற்கு முன் ஊருக்கு ஒரு தகவல் சொல்லிவிடலாம் என்று மத்தியானம் மறுபடி போன் போட்டோம். கடைக்காரர், "இருங்க, உங்க மாமனாரே இங்க வந்திருக்கறாருங்க" என்றார். மாமனார் அதுவரை போனைக் கையால் தொட்டவரில்லை. கொச்சிக்கு நேராகவே கேட்கட்டும் என்பதுபோல் கத்தினார்.

"அம்மிணி! கறந்தாச்சு!"

"என்னங்க மாமா சொல்றீங்க? யாருங்க கறந்தது?"

"அட, கறந்தாச்சுங்கறேன்! நல்லாக் குடுத்துச்சு. மடியெல்லாம் பஞ்சாட்ட இருக்குது. நீ ஒண்ணும் வெசனப்படாத."

"நான் இன்னைக்கு ராத்திரி வந்தர்றேனுங்க மாமா."

"நீ கடலைப் பாத்துப்போட்டு வா. அதுக்கு முன்னாலயே கிளம்பி வந்தீன்னா உன்னைய ஊட்டுக்குள்ள உடமாட்டேன். ஆமா!"

கடைசி வார்த்தையோடு லைன் போய்விட்டது. நான் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். எப்படிக் கறந்திருப்பார்கள்? புரியவில்லை. ஆனால் என் மாமனார் எதில் பொய் சொன்னாலும் பாலில் பொய் சொல்ல மாட்டார். அது எனக்கு நிச்சயம். "கறந்தாச்சாமா" என்று நான் சொன்னதும் கோகிலா பூத்துக்குள்ளேயே குதித்தாள். பூத்துக்காரப் பெண் விஷயம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "எங்கள் வீட்டு மாமியாரும் அந்த எருமை மாதிரிதான்" என்று மலையாளத்தில் சொன்னாள். அதற்கு மேல் விளக்கமே வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சூட்டோடு படகுத்துறைக்குப் போனோம். நாளைக்குப் போகலாம் என்று சரசு சொன்னதை நான் கேட்கவில்லை. நாளைக்குப் போனில் என்ன வருமோ யார் கண்டது! அவசரத்தில் ஏறின படகு, கோட்டைக் கொச்சிக்குப் போகாமல் வைப்பின் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு மீன்காரப் பெண்கள் வழியெல்லாம் சண்டை. ஒருத்தி, "மழை வரும், என் முழங்கால் சொல்கிறது" என்றாள். இன்னொருத்தி, "உன் முழங்கால் போன வாரமும் இதையேதான் சொன்னது, என் கருவாடுதான் நனையவில்லை" என்றாள். இறங்கும்போது அவர்களே எங்களை இழுத்துக்கொண்டு போய், எதிர்க்கரைக்குப் போகிற சரியான படகில் ஏற்றிவிட்டார்கள்.

கரையில் பெரிய பெரிய வலைகளை மூங்கிலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற எங்கள் ஊர்க் கவலை ஏற்றத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறதே என்று அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். திடீரென்று வலைகள் முடிந்துவிட்டன. அதற்கு அப்புறம் கடல்.

என்ன சொல்வது? கோகிலா சொன்ன கதைகளில் எல்லாவற்றுக்கும் ஒரு அந்தப் பக்கம் இருந்தது. இதற்கு இல்லை. நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கே தண்ணீருக்கா பஞ்சம்!

என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். தூ என்று துப்பினார். "நம்ம போர் தண்ணியே தேவலை" என்றார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனை தண்ணி இருந்து என்ன பண்றது? ஒரு பாத்திக்குப் பாய்ச்ச முடியாது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாத ஒரு நாளை நான் பார்த்ததில்லை. கடலைப் பார்த்தும் அந்தக் கவலை அவரை விடவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் பாவமும் வந்தது. முந்தின நாள் வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்போது ஒரு பெரிய அலை வந்தது. கோகிலா ஒரு பக்கம் என் கையைப் பிடித்தாள். இன்னொரு பக்கம் அவர் பிடித்தார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அலை போன பிறகும் விடவில்லை. "கால் மண்ணு சறுக்குது, அதுக்குத்தான்" என்றார். நான் கேட்கவே இல்லை.

அதற்கப்புறம் நாட்கள் ஓடிவிட்டன. மூன்றாம் நாள் சரசுவின் பக்கத்து வீட்டுக்காரி எங்களைப் பார்க்க வந்தாள். அவள் வீட்டுக் கிணற்றில் குனிந்து கையாலேயே தண்ணீர் மொள்ளலாம் போலிருந்தது. நான் அந்தக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நாக்கில் எச்சில் ஊற நின்றதைப் பார்த்து அவள் சிரித்தாள். "உங்களுக்குத் தண்ணீர் இல்லை என்கிறீர்கள். எங்களுக்கு வெயில் இல்லை. ஆடி மாதத்தில் துவைத்த துணி ஆவணியில்தான் காயும்" என்றாள். அதுவும் சரிதான். எங்கள் கொடியில் போட்ட சேலை, திரும்பி வருவதற்குள் அப்பளமாகிவிடும். போகும்போது அவள் எங்கள் எண்ணெயை முகர்ந்து பார்த்து ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரர் என்னையும் கோகிலாவையும் சரசுவையும் வரிசையாக, பார்த்தீர்களா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

தினமும் ஊருக்குப் போன் போட்டேன். லைன் கிடைத்த ஒரே ஒரு தடவை, கடைக்காரர், "எல்லாம் சௌக்கியமுங்க, உங்க மாமனாரு அப்பிடித்தான் சொல்லச் சொன்னாருங்க" என்றார். அந்தப் பதிலில் ஏதோ இடித்தது. ஆனாலும் நேந்திரங்காய் வறுவல் வாங்குகிற மும்முரத்தில் அதை விட்டுவிட்டேன்.

ஊருக்குத் திரும்பின அன்று பஸ்ஸை விட்டு இறங்கினதும், பால் சொசைட்டி வாசலில் கேன் கழுவிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து நிமிர்ந்தார்.

"ஏனுங்க, எருமைக்கு என்னாச்சுங்க? நீங்க போனதுல இருந்து ஒரு நாளும் பால் வருலீங்களே?"

அப்படியானால் மாமனார் சொன்னது? பையை நடுரோட்டில் என் வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு, அறுத்த சோளக்காட்டுக்குள் குறுக்கே விழுந்து ஓடினேன். மடி வீங்கிப்போச்சா, காம்பு போச்சா, எருமையே போச்சா என்று நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்துக்கொண்டு ஓடினேன்.

கட்டுத்தறியில் சீமாட்டி நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டு நின்றது. மடியைத் தொட்டேன். பஞ்சு மாதிரி இருந்தது. அதன் காலடியில் கன்று கயிறில்லாமல் படுத்திருந்தது. போகும்போது விலா எலும்பு தெரிந்த கன்று, இப்போது மினுமினு என்று தம்பூரா மாதிரி வயிற்றோடு கிடந்தது. வாயோரத்தில் பால் நுரை.

மாமனார் சோளத்தட்டுப் போருக்குப் பின்னாலிருந்து வந்தார். கையும் களவுமாகப் பிடிபட்ட ஆள் மாதிரி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கன்னை அவுத்து உட்டுட்டீங்களா மாமா?"

"ஆமா."

"பூராப் பாலுமா?"

"பூராத்தான். கன்னுக்கு ரெண்டு நாள் வயித்தால கழிஞ்சுது. வசம்பு ஒரசி ஊத்துனேன், நின்னு போச்சு."

கன்றை அவிழ்த்துவிட்டால் காரியம் தீர்ந்தது. இதைச் சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனால் எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, என் வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை. கறவை வைத்திருக்கிற யாருக்குமே தோன்றியிருக்காது. பால் என்றால் சொசைட்டிக்கு. கன்றுக்கு என்பது மடி சுரக்க வைக்கிற இரண்டு வாய். அதற்கு மேல் கன்று குடித்தால் எங்கள் பக்கம் அதற்குத் திருட்டு என்றுதான் பெயர். அந்தத் திருட்டைப் பிடிக்கிற போலீஸே என் மாமனார்தான்.

"கறந்தாச்சுன்னு சொன்னீங்க?"

"பொய்தான் சொன்னேன். நெசத்தச் சொல்லியிருந்தா நீ பையத் தூக்கீட்டு வந்திருப்பியா இல்லியா?"

வந்திருப்பேன். அதற்குள் என் வீட்டுக்காரரும் கோகிலாவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். கோகிலா அவள் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாரு, கடல் எத்தாச்சோடு பெருசு தெரியுமா? அந்தக் கரையே இல்ல! அம்மா அழுதுபோட்டாங்க!" என்று ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் முழுவதையும் கேட்டார். மீன்காரிகள், அலை, அப்பா தண்ணீரைத் துப்பினது எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்ததும் கன்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க அப்பத்தாளும் இப்பிடித்தான் சாமி. ராமேசுரம், ராமேசுரம்னு சொல்லீட்டே இருந்தா. எருமைய யாரு கறக்கறதுன்னு நான் கேட்டுட்டே இருந்தேன். அவளும் போய்ச் சேந்துட்டா. ஒரு நாலு நாளைக்குக் கன்னை அவுத்து உடற புத்தி எனக்கு அப்ப வருலியே."

கன்று எழுந்து போய்த் தாயின் மடியை முட்டியது. மாமனார் அதை இழுத்துக் கட்டவில்லை. அது போதும் போதுமென்று குடிக்கிறவரை நாங்கள் நாலு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். "அடுத்த லீவுக்கு ராமேசுரம். நாலு டிக்கெட் போடுங்க."

"ஆகட்டும்" என்றார் அவர். எருமையை யார் கறக்கிறது என்று எங்கள் வீட்டில் அதற்கப்புறம் யாரும் கேட்டதில்லை.